தானமாக வந்த சுரங்க ஊர்: ஒரு லுத்தரன் குடும்ப விடுமுறை முகாம் குறித்த நிகழ்வு ஆய்வு

தானமாக வந்த மாட்டைப் பல்லைப் பிடித்துப் பார்க்கக் கூடாது என்பார்கள். 1960இல் அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலத்தில் லுத்தரன் என்ற புராட்டஸ்டன்ட் கிறிஸ்தவப் பிரிவின் விவிலியப் பள்ளி ஒன்றுக்கு ஓர் ஊரே தானமாக வந்தது. சாப்பாட்டுக்கூடம், விடுதிகள், பள்ளிக்கூடம், கட்டைகளை உருட்டி விழுத்தும் பந்துக்கூடம் எல்லாம் அதில் அடக்கம். அன்று யாரும் பல்லைப் பிடித்துப் பார்க்கவில்லை. பார்த்திருந்தாலும் என்ன தெரிந்திருக்கும் என்பது தனிக் கேள்வி. அதற்குப் பிறகு வருகிறேன்.

அந்த ஊரின் பெயர் ஹோல்டன் கிராமம். இன்றும் குடும்பங்கள் விடுமுறைக்குப் போய்த் தங்கும் முகாமாக அது நடக்கிறது. பழைய தோட்ட பங்களா, மூடிய ஆலையின் குடியிருப்பு என்று சபைகளுக்கும் அறக்கட்டளைகளுக்கும் சொத்து தானமாக வருவது எங்கும் உண்டு. அப்படி ஒன்றைக் கைநீட்டி வாங்கப்போகிறவர்களை மனதில் வைத்தே இதை எழுதுகிறேன். முகாமில் சம்பந்தப்பட்டவர்களின் பெயர்களைத் தவிர்த்திருக்கிறேன்.

பின்னணி

வடக்கு காஸ்கேட் மலைத்தொடரில் ஷெலான் என்றொரு ஏரி இருக்கிறது. அகலம் குறைவு, நீளம் சுமார் 80 கி.மீ., ஆழம் 450 மீட்டருக்குச் சற்று மேல். ஏரியின் கீழ்க்கோடியில் இருக்கும் ஷெலான் நகரத்திலிருந்து படகில் 65 கி.மீ. போனால் லூசெர்ன் என்ற இறங்குதுறை வரும். அங்கிருந்து மலையேறும் மண்சாலையில் சுமார் 18 கி.மீ. தூரத்தில், 3,200 அடி உயரத்தில் ஹோல்டன் இருக்கிறது. வெளியுலகத்தின் எந்தச் சாலையோடும் அந்தச் சாலைக்கு இணைப்பில்லை. ஊரை ஒட்டி ஓடும் நீரோடைக்கு ரெயில்ரோடு ஓடை என்று பெயர். ரயில் பாதைத் திட்டம் நிறைவேறாமல் போனாலும் பெயர் நின்றுவிட்டது.

1896இல் ஜே. எச். ஹோல்டன் என்பவர் இங்கே தாமிரத் தாதுவைக் கண்டார். முதலீடு தேடியே அவர் காலம் முடிந்தது. ஹவ் சவுண்ட் நிறுவனம் 1938இல்தான் உற்பத்தியைத் தொடங்கியது. அடுத்த 19 ஆண்டுகளில் மலையின் வயிற்றுக்குள் சுமார் 90 கி.மீ. சுரங்க வழிகள் குடையப்பட்டன. 20 கோடி பவுண்டு எடைக்கு மேல் தாமிரம் வெளியே போனது. துத்தநாகம், வெள்ளி, தங்கம் தனி. ஓடையின் ஒரு பக்கம் நிறுவனம் கட்டிய ஊர். சற்றுத் தள்ளி வின்ஸ்டன் என்ற குடியிருப்பில் தொழிலாளர் குடும்பங்களின் சிறு வீடுகள், ஏறத்தாழ நூறு. தாமிர விலை சரிந்ததும் 1957இல் சுரங்கம் மூடப்பட்டது. வேலை தேடி எல்லோரும் படகேறினார்கள்.

இங்கே ஒரு விவரம் முக்கியம். ஊர் நின்ற நிலம் நிறுவனத்துக்கோ தொழிலாளர்களுக்கோ சொந்தமில்லை. மத்திய அரசின் வனத்துறைக்குச் சொந்தம். வின்ஸ்டன் வீடுகளை வனத்துறை பின்னர் எரித்து அகற்றியது. பிள்ளைகள் பிறந்து வளர்ந்த வீடுகள் சாம்பலாயின. நிறுவனம் கட்டிய கட்டடங்கள் மட்டும் தப்பி நின்றன.

மூன்று கடிதங்கள்

சுரங்கம் மூடிய செய்தியைப் படித்த ஓர் இளைஞர், ஊரை விற்பீர்களா என்று நிறுவனத்துக்குக் கடிதம் எழுதினார். ஒரு லட்சம் டாலர் என்று பதில் வந்தது. அவரிடம் அவ்வளவு பணம் இருக்க வழியே இல்லை. சில காலம் கழித்து மறுபடி எழுதினார், விலையில் மாற்றமில்லை. இதற்குள் அவர் சியாட்டிலில் லுத்தரன் விவிலியப் பள்ளியில் மாணவராகச் சேர்ந்திருந்தார். 1960இல் மூன்றாவது கடிதம் போட்டார். இந்த முறை பதில் வேறு: பள்ளிக்கு ஊரைத் தானமாகவே தருகிறோம்.

பள்ளி நிர்வாகத்துக்கு இது மகிழ்ச்சியைவிட மலைப்பையே தந்திருக்க வேண்டும். நிறுவனம் ஏன் இறங்கி வந்தது? என் கணிப்பைச் சொல்கிறேன். மூன்று ஆண்டுகளாக வாங்க ஆளில்லை. ஆண்டுதோறும் குளிர்காலத்தில் கூரை மேல் பனி ஏறுகிறது. நிலமோ வனத்துறையுடையது, ஒருநாள் கட்டடங்களைப் பிரித்து எடுத்துப் போ என்று சொல்லிவிட்டால் அந்தச் செலவு தனி. இரும்புக் கடைக்குப் போட்டாலும் படகுக் கூலி தேறாது. தர்மம் செய்யும் மனமும் கூட இருந்திருக்கலாம். அதை நான் மறுக்கவில்லை.

கையேற்றபோது கண்டதும் காணாததும்

பார்க்கப் போனவர்கள் கண்டது, விட்டுப்போன நிலையில் அப்படியே நின்ற ஊர். பெரிய சமையலறை, நூற்றுக்கணக்கானோர் உண்ணக்கூடிய கூடம், ஒற்றை ஆட்களுக்கான மாடி விடுதிகள், மேட்டில் அதிகாரிகளின் குடும்பங்கள் இருந்த வீடுகள். குழாய்களையும் மின்சாரத்தையும் கூரையையும் பற்றிக் கவலைப்பட வேண்டியிருந்தது. கட்டடம் தெரிந்த எவரும் முதலில் பார்ப்பது இவற்றைத்தான்.

ஓடைக்கு எதிர்க்கரையில் வேறொன்றும் இருந்தது. தாதுவை அரைத்து உலோகத்தைப் பிரித்தெடுத்த பின் மிஞ்சிய பொடி, மூன்று பெரிய மேடுகளாக, ஏறத்தாழ 90 ஏக்கரில் கொட்டிக் கிடந்தது. 80 லட்சம் டன்னுக்கு மேல். காற்று அடித்தால் அந்தப் பொடி ஊர் மேல் பறந்தது. ஆனாலும் 1960இல் அதை ஒரு கடனாகப் பார்க்கும் கண் யாருக்கும் இல்லை. அமெரிக்காவில் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமையே 1970இல்தான் பிறந்தது. பழைய கழிவுக்கு யார் பொறுப்பு என்று சொல்லும் சட்டம் 1980இல் வந்தது. எனவே வாங்கியவர்களைக் குறை சொல்ல எனக்கு மனமில்லை. பல்லைப் பார்த்திருந்தாலும் எந்தப் பல் சொத்தை என்று சொல்ல அன்று மருத்துவர் இல்லை.

எடுத்த முடிவுகளும் காரணங்களும்

முதல் முடிவு, 1961இல் தனியாக ஒரு லாப நோக்கற்ற அமைப்பைப் பதிவு செய்தது. ஓர் ஊரைப் பராமரிக்கும் வலிமை விவிலியப் பள்ளிக்கு இல்லை. அப்போது அமெரிக்க லுத்தரன் சபைகள், ஜெர்மானிய, நார்வே, டேனிஷ், ஸ்வீடிஷ் வழியென்று பிரிந்திருந்தவை, ஒன்றோடொன்று இணைந்துகொண்டிருந்த காலம். 1960இல் ஓர் இணைப்பு, 1962இல் இன்னொன்று, பிறகு 1988இல் பெரிய இணைப்பு. முகாம் ஏதாவது ஒரு சபையின் சொத்துப் பட்டியலில் இருந்திருந்தால் ஒவ்வோர் இணைப்பின்போதும் அதன் வரவுசெலவைப் புரட்டிப் பார்த்து, இது தேவையா என்று யாராவது கேட்டிருப்பார்கள். சபைகளோடு உறவு, ஆனால் சபையின் கையில் சாவி இல்லை என்ற ஏற்பாடு அதைக் காப்பாற்றியது. இந்த நிகழ்விலேயே புத்திசாலித்தனமான முடிவு இதுதான் என்பது என் கருத்து.

இரண்டாவது, உழைப்பைத் தன்னார்வலர்களிடம் விட்டது. ஆரம்பக் கோடைகளில் இளைஞர்கள் வந்து குழாய் மாற்றினார்கள், கூரை வேய்ந்தார்கள். அருகில் காப்பர் ஓடையின் நீரைக் கொண்டு சிறிய நீர்மின் நிலையம் அமைக்கப்பட்டது. இன்றுவரை ஊர் விளக்கெரிவது அந்த ஓடையை நம்பித்தான்.

மூன்றாவது முடிவு ஒரே நாளில் எடுத்ததில்லை. இளைஞர் முகாம் என்று தொடங்கியது. 1963இல் பொறுப்பேற்ற முதல் இயக்குநர், இரண்டாம் உலகப் போரில் பிலிப்பைன்ஸில் ஜப்பானியர் பிடியில் மனைவியோடு முகாம் கைதியாக இருந்தவர். மிஷனரியாகச் சீனாவுக்குப் புறப்பட்டவரைப் போர் வழியில் மடக்கிவிட்டது. சிறை முகாமில் ஆண்டுக்கணக்கில் பசியோடு இருந்த மனிதர், விடுமுறை முகாமை நடத்த வந்தபோது அடிக்கடி சொன்னது சிரிப்பைப் பற்றி. வழிபாடும் இறையியலும் இருக்கும் இடத்தில் வாய்விட்டுச் சிரிப்பதும் இருக்க வேண்டும் என்பது அவர் கொள்கை. 1977 வரை இருந்தார். அவர் காலத்தில்தான் தாத்தா முதல் கைக்குழந்தை வரை குடும்பமாக வந்து ஒரு வாரம் தங்கும் இடமாக ஊர் உருமாறியது. காலையில் பெரியவர்களுக்கு வகுப்பு, பிள்ளைகளுக்குத் தனியே விளையாட்டும் கைவேலையும், பிற்பகலில் மலையேற்றம், மாலையில் எல்லோரும் சேர்ந்து ஆராதனை. மாலை ஆராதனை மட்டும் தட்டக்கூடாதது.

சாலை போடுவதா என்ற கேள்விக்கு வேலையே இல்லாமல் போனது. 1964இல் வந்த வனச் சட்டம் சுற்றியுள்ள மலைகளைக் கிளேசியர் பீக் காட்டுப்பகுதியாக நிலைப்படுத்தியது. இனி அங்கே சாலை வராது.

ஒரு நாள் எப்படி நடக்கிறது

படகு லூசெர்னைத் தொடும்போது பழைய பள்ளிக்கூட பஸ்கள் காத்திருக்கும். கொண்டை ஊசி வளைவுகளில் ஏறி பஸ் ஊருக்குள் நுழையும்போது, கையில் இருக்கும் வேலையை விட்டுவிட்டு ஆட்கள் தெருவுக்கு வந்து கையசைப்பார்கள். புறப்படும் பஸ்ஸுக்கும் அப்படியே. கல்யாண வீட்டு வாசல் போல இருக்கும். கைப்பேசிக் கோபுரம் எட்டாத ஊரில் வருகிற பஸ்தான் அன்றைய செய்தி.

வேலைகள் பங்கிடப்படும். பாத்திரம் கழுவ ஒரு குழு. விறகு வெட்டி அடுக்க ஒரு குழு. குப்பையைப் பிரிக்க முறைவைத்து ஆட்கள். ஊரில் சேரும் ஒவ்வொரு துண்டும் மேசை மேல் கொட்டப்பட்டு, மட்குவது, எரிப்பது, திரும்ப அனுப்புவது என்று கையுறை போட்ட கைகளால் பிரிக்கப்படும். மட்காத எதுவும் படகேறித்தான் வெளியே போக வேண்டும் என்பதால், குப்பையைத் தெருமுனையில் போட்டு மறக்கும் வசதி அங்கே கிடையாது. கழிப்பறை கழுவும் முறையும் பணியாளர்களுக்குள் சுற்றி வரும்.

சுரங்கத் தொழிலாளர்கள் விளையாடிய பந்துக்கூடம் இன்றும் பயன்படுகிறது. இயந்திரம் இல்லை. ஓடுபாதையின் கோடியில் ஒருவர் மேலே ஏறிக் காலைத் தூக்கி உட்கார்ந்திருப்பார். பந்து வந்து மோதிக் கட்டைகள் சிதறியதும் கீழே குதிப்பார். கட்டைகளைக் கையால் பொறுக்கி நிறுத்துவார். பந்தைத் திருப்பி உருட்டிவிட்டு மறுபடி மேலே ஏறிக்கொள்வார். விளையாடுபவருக்கு எவ்வளவு நேரமோ அவ்வளவு நேரம் இவருக்கும். பிறகு இடம் மாறுவார்கள்.

கோடை முடிந்ததும் சில டஜன் பேர் குளிர்காலத்தைத் தாங்கத் தங்குவார்கள். சீசன் முழுக்கச் சேர்த்தால் 20 அடிக்கு மேல் பனி விழும்.

ஓடையின் நிறம்

எதிர்க்கரை மேடுகளில் இருந்த பொடியில் இரும்பும் கந்தகமும் கலந்த கனிமம் நிறைய. பாறைக்குள் இருக்கும்வரை அது சாது. பொடியாகி, காற்றும் மழையும் பட்டால் அமிலம் உண்டாகும். அமிலம் உலோகங்களைக் கரைத்துக்கொண்டு கீழே இறங்கும். சுரங்க வாயிலிலிருந்தும் அதே தண்ணீர் கசிந்தது. ரெயில்ரோடு ஓடையில் மேடுகளுக்கு மேல்பக்கம் தண்ணீர் தெளிவாக வரும். மேடுகளைக் கடந்ததும் அடியில் இருக்கும் கூழாங்கற்கள் செங்கல் நிறமாகிவிடும். கையில் எடுக்க முயன்றால் வராது. துருவே சாந்து பூசியதுபோல ஒன்றோடொன்று ஒட்டிக் கிடக்கும். கற்களுக்கு இடையில் வாழும் பூச்சிகளுக்கு இடம் போயிற்று. அவற்றைத் தின்னும் மீன்களும் போயின.

விருந்தினர் எல்லோர் கண்ணிலும் படக்கூடிய இடத்தில்தான் இது நடந்தது. ஆனால் ஒவ்வோர் ஆண்டும் பார்க்கும் நிறம் பழகிவிடும். 1989 முதல் 1991 வரை வனத்துறை மேடுகளின் மேல் சரளை பரப்பியது. பொடி பறப்பது அடங்கியது, கசிவு அடங்கவில்லை.

யார் சுத்தம் செய்வது? சுரங்கம் நடத்திய நிறுவனம் பெயர் மாறி, விற்கப்பட்டு, வாங்கியவரும் விற்கப்பட்டு, கடைசியில் பொறுப்பு ரியோ டின்டோ என்ற பன்னாட்டுச் சுரங்க நிறுவனத்தின் வாசலில் வந்து நின்றது. ஹோல்டனில் ஒரு நாளும் தாது வெட்டாத நிறுவனம் அது. வனத்துறை, மத்தியச் சுற்றுச்சூழல் முகமை, மாநிலச் சூழலியல் துறை மூன்றும் சேர்ந்து பல ஆண்டு ஆய்வுகளுக்குப் பின் 2012இல் இறுதித் தீர்மானத்தை வெளியிட்டன. மேடுகளின் சரிவைத் திருத்துவது, ஓடையின் ஒரு பகுதியை நகர்த்துவது, நிலத்தடியில் தடுப்புச் சுவர் இறக்குவது, சுரங்கத்துக்குள் அடைப்பு வைப்பது, கசியும் நீரைப் பிடித்துச் சுத்திகரிக்க ஆலை கட்டுவது என்பது திட்டம்.

செலவு 50 கோடி டாலர் அளவுக்குப் போனது. சுரங்கம் இயங்கிய காலமெல்லாம் எடுத்த உலோகத்தின் மதிப்பு, அன்றைய விலையில், 7 கோடி டாலரை எட்டவில்லை. முதல் கடிதத்துக்கு வந்த பதிலில் இருந்த விலையோடு வைத்துப் பார்த்தால், ஊரைச் சுத்தம் செய்ய ஆனது ஐயாயிரம் மடங்கு.

கோடைகளை விட்டுக்கொடுத்தது

முகாமுக்கு இப்போது கடினமான தேர்வு. லாரிகளும் மண்வாரி இயந்திரங்களும் அதே ஒற்றைச் சாலையில் ஓட வேண்டும். வேலைக்கு வருகிறவர்களுக்குத் தங்க வேறு இடமில்லை. குடும்பங்களையும் வரச் சொல்லி, வேலையும் நடக்கட்டும் என்றால் இரண்டும் கெடும். எனவே 2013 முதல் மூன்று கோடைகள் வழக்கமான விருந்தினர் வருகையை வெகுவாகக் குறைத்துக்கொண்டார்கள். கட்டுமானத் தொழிலாளர்கள் ஊரிலேயே தங்கி, ஊர்ச் சமையலறையில் சாப்பிட்டார்கள். ஆள் குறைந்த அந்த இடைவெளியில், வெகுகாலம் தள்ளிப்போட்டிருந்த கட்டடப் பழுதுகளும் தீத்தடுப்பு வேலைகளும் பார்க்கப்பட்டன. விருந்தினர் கட்டணத்தில் பிழைக்கும் இடத்துக்கு இது துணிச்சல்தான். அரை நூற்றாண்டுக்குப் பின் அது மறுபடி சுரங்கக்காரர்களுக்குச் சோறு போட்டது என்பதை எண்ணிப் பார்க்கிறேன்.

2015 தீ

ஜூன் 29 அன்று ஏரியின் மேல்பக்கம், வுல்வரின் ஓடைப் பகுதியில் மின்னல் விழுந்து காடு பற்றியது. ஒரு மாதம் மெதுவாகவே எரிந்தது. ஜூலை கடைசியில் வேகம் பிடித்து லூசெர்ன் பக்கம் இறங்கியது. ஹோல்டனிலிருந்து வெளியேறும் வண்டிப்பாதை லூசெர்ன் வழியே மட்டும்தான். மற்றபடி மலைக்கணவாயைக் கால்நடையாகத் தாண்ட வேண்டும். ஜூலை 31 அன்று ஊர் காலி செய்யப்பட்டது. பாதை அடைபடும்வரை காத்திருக்காமல் முன்னதாக அனுப்பிவிட்டதே உயிர்ச்சேதம் தவிர்த்த முடிவு.

பிறகு தீயணைப்பு வீரர்களும் சிறு குழுவும் ஊரைப் பிடித்துக்கொண்டார்கள். கூரைகளின் மேலும் ஊரைச் சுற்றியும் தண்ணீர் தெளிப்பான்கள் இரவு பகலாகச் சுழன்றன. நெருங்கும் தீக்கு இரை கிடைக்காதபடி, ஊரின் விளிம்பிலிருந்து வெளிப்பக்கமாக அவர்களே எதிர்த்தீ வைத்தார்கள். மொத்தம் 65,000 ஏக்கருக்கு மேல் எரிந்தது. நான்கு பக்கமும் கரிந்த காட்டுக்கு நடுவே ஊர் நின்றது.

பின்விளைவு

2016 கோடையில் குடும்பங்கள் திரும்ப வந்தன. சுத்திகரிப்பு ஆலையும் ஓடத் தொடங்கியது. அதை நிறுத்தும் தேதி என்று ஒன்று கிடையாது. மேடுகள் இருக்கும்வரை கசிவும் இருக்கும். 2020இல் கொரோனாவால் விருந்தினர் வருகையை மீண்டும் நிறுத்த வேண்டியிருந்தது. இந்த முறை ஆள் இல்லாமல் ஊரை நடத்துவது எப்படி என்று அவர்களுக்கு ஏற்கெனவே தெரிந்திருந்தது.

மாற்றிச் செய்வதென்றால்

மூன்று கடிதங்களிலும் பேச்சு விலையைப் பற்றியே நடந்தது. இன்று அப்படி ஒரு தானம் வந்தால் நான்காவதாக ஒரு கடிதம் எழுதச் சொல்வேன்: எதிர்க்கரையில் கிடப்பது யார் கணக்கில்? பதில் எழுத்தில் வரட்டும், தரும் நிறுவனம் நாளை விற்கப்பட்டாலும் செல்லும்படி. ஹோல்டனுக்குச் சட்டம் பின்னாலேயே வந்து கைகொடுத்தது; பொறுப்பைச் சுமக்கப் பணமுள்ள நிறுவனமும் மிஞ்சியிருந்தது. இரண்டுமே அதிர்ஷ்டம்.

ஊர் இருக்கும் நிலம் இன்னும் வனத்துறையுடையதுதான். முகாம் இருப்பது அனுமதியின் பேரில். வின்ஸ்டன் வீடுகளுக்கு நடந்ததை அறிந்தவர்கள் அந்த அனுமதியின் நிபந்தனைகளை ஆண்டுக்கு ஒருமுறையாவது எடுத்துப் படிப்பது நல்லது. ஒற்றைப் பாதை உள்ள இடத்தில் காலி செய்யும் ஒத்திகையை, தீ தெரிந்த பிறகு நடத்தாமல் முதல் பஸ் வந்த அன்றே நடத்தச் சொல்வேன். ஓடைத் தண்ணீரின் நிறத்தை யாராவது ஆண்டுதோறும் ஒரே இடத்தில் நின்று எழுதி வைத்திருந்தால் 1970களிலேயே கேள்வி எழுந்திருக்கும். அதற்குப் பெரிய படிப்பு வேண்டியதில்லை, கோடைக்கு வரும் பத்து வயதுப் பிள்ளை போதும்.

மாற்ற வேண்டாததும் உண்டு. பந்துக்கூடத்துக்கு இயந்திரம் வாங்கலாம் என்று யாராவது நிர்வாகக் குழுவில் பேசினால், எனக்கு வாக்கு இருந்தால் எதிர்த்தே போடுவேன்.